சரிந்து நிற்கும் மரத்துக்கு வைத்தியம்

நாளை காலை முதல் லொறி வந்துவிடும். மரங்களை எப்படி இறக்குவது, கிளைகள் ஒடுங்க வலைக்குள் எப்படி இழுப்பது, அடியை எப்படி அறுப்பது என்பதையெல்லாம் முதலாளி உங்களுக்குக் காட்டித் தருவார். அவரால் காட்ட முடியாத சிலவற்றைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் டிசம்பரில் இந்த முற்றத்துப் பக்கம் வராமல் என்னால் இருக்க முடிவதில்லை. வந்து சும்மா நிற்கிற மனிதனைப் பேசவாவது வைப்போம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

உங்களில் பாதிப் பேர் இங்கே ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். மீதிப் பேர் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் படிக்க வந்தவர்கள். நான் நத்தார் மரம் என்பேன், நீங்கள் கிறிஸ்துமஸ் மரம் என்பீர்கள். எப்படிச் சொன்னாலும் கையில் குத்தும். கையுறை போடுங்கள். அதைத் தாண்டி நான் சொல்ல வந்தது எல்லாம் முதல் வருஷம் எனக்கும் யோகன் அண்ணைக்கும் நடந்த கதைதான்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. நான் நாட்டை விட்டு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அந்த இரண்டு வருஷமும் வேலை செய்யக் கூடாது என்பது அன்றைய விதி. விடுதி அறைக் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்ததில் அதில் இருந்த வெடிப்புகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பிறகு ஒருவழியாக வேலை அனுமதி கிடைத்தது. அதிலும் ஒரு சிக்கல். எந்த முதலாளியின் பெயர் அதில் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். அவர் போ என்றால் மறுபடியும் கூரைதான்.

என் அனுமதியில் இருந்த பெயர் இப்போதைய முதலாளியின் தாயாருடையது. நாங்கள் அவரை முதலாளியம்மா என்போம். ரப்பர் சப்பாத்தும் ஆண்களின் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, டிசம்பரில் மழையில் நனைந்தபடி மரமும், மற்ற மாதங்களில் விறகும் செடியும் விற்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் இரண்டாம் முறை சொல்லமாட்டார்.

யோகன் அண்ணையும் அதே அனுமதியோடு அதே வாரம் சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். கல்யாண மாப்பிள்ளைகளின் தலையைப் பிடித்து நேராக்கி வைப்பதுதான் அவருடைய வேலையாம். அதனால் உலகத்தில் எது நேர், எது கோணல் என்று சொல்லும் உரிமை தனக்கு இருப்பதாக உண்மையாகவே நம்பினார். ஒற்றைக் கண்ணை மூடி, பெருவிரலை உயர்த்தி, எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார். ஜெர்மன் மொழியில் அவருக்கு நான்கு சொற்கள் தெரியும். நல்லது என்பதற்கு 'குட்', பழுது என்பதற்கு 'கபுட்', மரத்துக்கு 'பௌம்', கொஞ்சம் பொறுங்கள் என்பதற்கு 'மொமென்ட்'. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு அவர் என்னைவிட அதிகம் மரம் விற்றார்.

வேலைக்குச் சேர்ந்து சில நாட்களில் முதலாளியம்மா எங்கள் இருவருக்குமாக ஒரு சின்ன மரம் கொடுத்தார். கிளை ஒன்று முறிந்த மரம். யோகன் அண்ணை கத்தோலிக்கர். நான் சைவக்காரன். ஆனாலும் அந்த மரத்தைப் பார்த்து இருவருக்கும் ஒரே அளவு சந்தோஷம்தான். விடுதிக்குத் தோளில் வைத்துக் கொண்டுபோனோம். அறைக்குள் போனதும் அவர் அதை நேரே ஹீட்டர் பக்கத்தில் வைத்தார்.

"ஏன் அண்ணை அங்கை வைக்கிறியள்?"

"இவ்வளவு நாளும் வெளியில குளிருக்கை நிண்டது தம்பி. பாவம். கொஞ்சம் சூடு பிடிக்கட்டும்."

தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் அடுப்பில் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

"விறைச்சுப்போய் வந்ததுக்குப் பச்சைத்தண்ணி குடுக்கிறதே? உனக்கெண்டால் குடிப்பியோ?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சளி பிடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தோம். ஹீட்டரை முழுச் சூட்டில் திருகிவிட்டோம். அவர் தன்னுடைய மஃப்ளரைக்கூட அதன் கழுத்தில் சுற்றிவிட்டார். சில நாட்களில் மரம் தன் ஊசி இலைகளைக் கொட்டத் தொடங்கியது. முதலில் நிலத்தில் கொட்டியது. பிறகு கட்டிலில், பிறகு பருப்புக் கறியில். வாரம் முடிவதற்குள் மஃப்ளர் கட்டிய ஒரு தடிதான் மிஞ்சியது.

முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஹீட்டருக்கும் மரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டீர்கள்?"

யோகன் அண்ணை இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்துக் காட்டினார்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "அது காட்டில் வளர்ந்தது. அதற்குக் குளிரும் பச்சைத் தண்ணீரும் போதும். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை அதற்குக் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதெல்லாம் இவ்வளவுதான். அடியைப் புதிதாக அறுத்துக் கொடுங்கள். முதலில் பல்கனியில் வைக்கச் சொல்லுங்கள். ஹீட்டரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வற்ற விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது வெந்நீர் ஊற்றலாமா என்று கேட்டால் சிரிக்காதீர்கள்.

யோகன் அண்ணைக்கு அது பெரிய அடி. அன்றிலிருந்து மரங்களை யாராவது குறை சொன்னால் அவரால் தாங்க முடியாது. வாடிக்கையாளர் ஒருவர் மரத்தை உலுக்கிப் பார்த்தாலே முகம் சிவந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

நத்தாருக்கு முதல் நாளின் முதல் நாள். வருஷத்திலேயே கூட்டம் கூடிய நாள் அது. மத்தியானம் முதலாளியம்மா டெலிபோனை வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"லோமன் வீடு. மரம் சரிந்து நிற்கிறதாம். ஒவ்வொரு வருஷமும் இதே கதை. போன வருஷம் இரண்டு தடவை மரம் மாற்றிக் கொடுத்தேன். இந்த வருஷம் மாற்ற ஒன்றும் மிச்சமில்லை. போய் நேராக்கிவிட்டு வாருங்கள். அவர்கள் மறுபடியும் டெலிபோன் எடுத்தால், உங்கள் இருவருக்கும் ஜனவரியில் இங்கே வேலை இருக்காது."

இரண்டாம் முறை சொல்லமாட்டார் என்று முன்பே சொன்னேன். வாளையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

லோமன் வீடு மலைச்சரிவில் இருந்தது. இந்த வுப்பர்டால் ஊரில் எந்த வீடுதான் சரிவில் இல்லை? ஹெர் லோமன், அதாவது திரு லோமன், இந்த ஊரில் ஆற்றுக்கு மேல் ஆடி ஆடிப் போகும் தொங்கு ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர். நிற்கும்போதும் மெல்ல ஆடிக்கொண்டுதான் நிற்பார். அவருடைய மனைவி, நாங்கள் லோமன் அம்மா என்போம், தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கும். இருவரும் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஹனோவரிலிருந்து மகள் வருகிறாளாம். கைக்குழந்தையோடு முதல் முதலாக வருகிறாளாம். ரயில் சாயங்காலம் வந்துவிடுமாம்.

முன்னறையில் மரம் நின்றது. என்னைவிட ஒரு முழம் உயரம். யோகன் அண்ணை தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த மரம் அது. வாசலில் நின்றபடியே ஒற்றைக் கண்ணை மூடிப் பெருவிரலை உயர்த்தினார்.

"நேராய்த்தானே தம்பி நிக்குது."

எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருபக்கம் பார்த்தால் சரிந்தது போலவும், மறுபக்கம் பார்த்தால் நேராக நிற்பது போலவும் இருந்தது. பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது.

"வலப்பக்கம் சரிந்திருக்கிறது" என்றார் லோமன் அம்மா. "கொஞ்சம் இடப்பக்கம் வரவேண்டும்."

"இடப்பக்கம்தான் சரிந்திருக்கிறது" என்றார் ஹெர் லோமன். "வலப்பக்கம் வரவேண்டும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பல வருஷமாகப் பழகிய சண்டை என்று தெரிந்தது.

மரத்தைத் தாங்கும் இரும்புக் காலில் ஒரு திருகாணி துருப்பிடித்து அசையவே இல்லை. ஆகவே மரத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ப்பதற்கு ஒரே வழி, அடியைச் சற்றுச் சாய்வாக அறுப்பதுதான். முதலில் அம்மா சொன்னபடி அறுத்தோம். தூக்கி நிறுத்தினோம். அம்மா தலையாட்டினார். ஹெர் லோமன் தன் நாற்காலியில் போய் இருந்து பார்த்துவிட்டு, "இப்போது முன்பைவிட மோசம்" என்றார். அவர் சொன்னபடி அறுத்தோம். அம்மா தன் நாற்காலியில் போய் இருந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மறுபடியும் அறுத்தோம்.

ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டத் துண்டு கழன்று விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கீழ்க்கிளைகளில் சிலவற்றையும் வெட்ட வேண்டியிருந்தது. யோகன் அண்ணை அந்தத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னலோரம் அடுக்கினார். இடையில் அம்மா கோப்பியும் கேக்கும் கொண்டுவந்து தந்தார். இருவரும் நல்ல மனிதர்கள். எங்களிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மரத்தைத்தான் திட்டினார்கள்.

"என்ன மரம் இது, முதுகெலும்பே இல்லாத மரம்" என்றார் ஹெர் லோமன்.

"என்னவாம்?" என்று யோகன் அண்ணை என்னைக் கேட்டார்.

"கோப்பி நல்லாய் இருக்கோ எண்டு கேக்கிறார்."

"குட்" என்றார் யோகன் அண்ணை அவரைப் பார்த்து.

மரம் என் தோளளவுக்கு வந்தது. பிறகு நெஞ்சளவுக்கு வந்தது. என் வேலை அனுமதியும் அதோடு சேர்ந்து துண்டு துண்டாகக் கழன்று விழுவதுபோல இருந்தது எனக்கு.

"தம்பி, இது சரிவராது" என்றார் யோகன் அண்ணை. "இவையின்ரை கண்ணிலைதான் பிழை. ஒரு நூலும் உருளைக்கிழங்கும் வாங்கு."

"உருளைக்கிழங்கு என்னத்துக்கு?"

"வாங்கு எண்டுறன்."

அம்மாவின் தையல் கூடையிலிருந்து நூல் வந்தது. சமையலறையிலிருந்து உருளைக்கிழங்கு வந்தது. யோகன் அண்ணை கதிரையில் ஏறி, மரத்துக்கு நேர் முன்னால், விளக்குக் கொக்கியிலிருந்து நூலில் கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டார். ஸ்டூடியோவில் பின்திரையை நேராகத் தொங்கவிட இப்படித்தான் செய்வார்களாம், ஆனால் அங்கே தேங்காய்ச் சிரட்டையாம். "மொமென்ட்" என்று எல்லோருக்கும் சொன்னார். கிழங்கு ஆடி ஆடி ஓய்ந்தது.

கிழங்கு தொங்கிய நூலும் மரத்தின் தண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மரம் கோவில் கொடிமரம் போல நேராக நின்றது.

அப்போதுதான் நூலுக்குப் பின்னால் இருந்த சுவர் எங்கள் கண்ணில் பட்டது. சுவர் முழுக்க ஒட்டியிருந்த காகிதத்தில் பச்சைக் கோடுகள், மேலிருந்து கீழாக. அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. முதல் தாளைக் கோணலாக ஒட்டி, மற்றத் தாள்களை அதன் ஓரம் பிடித்து ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். சுவரே புயற்காற்றில் நிற்பதுபோல இருந்தது. அதன் முன்னால் எந்த மரத்தை வைத்தாலும் சரிந்ததாகத்தான் தெரியும்.

"கண்டியோ தம்பி" என்றார் யோகன் அண்ணை.

"கண்டனான். வாயைத் திறவாதேங்கோ."

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. சட்டென்று கணவனைப் பார்த்து, "கீழறையில் மெழுகுதிரிப் பெட்டி இருக்கிறது, எடுத்து வாருங்கள்" என்றார். அவர் போனதும் அம்மா கதிரையில் ஏறிக் கிழங்கை அறுத்தெடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள்" என்றார் மெல்லிய குரலில். என் ஜெர்மன் கொஞ்சம்தான், ஆனாலும் அவர் சொன்னது விளங்கியது. ஒருமுறை அம்மா நோயில் விழுந்து வைத்தியசாலையில் இருந்தாராம். அந்த நேரத்தில் கணவன் தனியாளாக இந்த அறை முழுவதும் தாள் ஒட்டியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்த அன்று கண்ணை மூடச்சொல்லிக் கூட்டிவந்து காட்டினாராம். "நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அடுத்த நாள் காலையில் தேநீரோடு இங்கே வந்து உட்கார்ந்தபோதுதான் கண்டேன். என் வாழ்க்கையே நேர்கோட்டில் தைப்பது. எனக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் எப்படிச் சொல்வேன்? நத்தார் வந்தால்தான் பயம். நேரான மரம் ஒன்றை அங்கே வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கோட்டோடு சேர்த்து மரத்தையும் கொஞ்சம் இடப்பக்கம் சரிக்கச் சொல்கிறேன்."

நான் யோகன் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அவருடைய கண் கலங்கியது. "நல்ல மனுசி" என்றார். பேசாமல் வாளை எடுத்து, அம்மா விரும்பிய பக்கம் சரியும்படி அடியை அறுத்தார். மரம் என் இடுப்பளவுக்கு வந்தது.

அதற்குள் கீழிருந்து ஹெர் லோமன் என்னைக் கூப்பிட்டார். பெட்டி பாரமாக இருக்கிறதாம். போனேன். பெட்டி ஒரு பாரமும் இல்லை. அவர் கதவைச் சாத்தினார்.

"உங்கள் நண்பர் நூல் கட்டினாரே, அதில் என்ன தெரிந்தது?"

"மரம் நேர்" என்றேன்.

"மரம் நேர் என்று எனக்கும் தெரியும். என் மனைவி எதையாவது கவனித்தாளா?"

நான் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"மூன்றாவது தாள் ஒட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது" என்றார். "அதற்குள் பசை காய்ந்துவிட்டது. கழற்ற நேரமில்லை, அடுத்த நாள் அவள் வருகிறாள். வந்து பார்த்து அழுதாள், அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அவள் இடப்பக்கம் என்றால் நான் வலப்பக்கம் என்பேன். அவள் வலம் என்றால் நான் இடம் என்பேன். மரத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கும்வரை யாரும் சுவரைப் பார்க்கமாட்டார்கள். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்."

பிள்ளைகளே, ஒரு பக்கத்து இரகசியத்தைக் காப்பாற்றுவது பெரிய வேலை இல்லை. இரண்டு பக்கத்து இரகசியமும் ஒரே இரகசியமாக இருக்கும்போதுதான் தொல்லை. படியில் ஏறும்போது யோசித்தேன். சொன்னால் இந்த இரண்டு பேருக்கும் இத்தனை வருஷச் சண்டை தீரும். ஆனால் இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, சொல்லாதே என்பதுதான். நான் யார்? மரம் நேராக்க வந்தவன். ஜனவரியில் வேலை வேண்டும் என்பவன். வாயை மூடிக்கொண்டு, எப்படியாவது ஒரு மரத்தை நிறுத்திவிட்டு ஓடிவிடுவது என்று முடிவெடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் சரியான முடிவு என்பேன்.

முன்னறைக்கு வந்தோம். ஹெர் லோமன் மரத்தைப் பார்த்தார். தன் வழக்கப்படி, "இடப்பக்கம் சரிந்திருக்கிறது" என்றார். அம்மாவும் தன் வழக்கப்படி, "நல்ல மரமாக வளர்ந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது" என்றார். "குப்பை மரம்" என்றார் அவர். "கோணல் மரம்" என்றார் இவர். 'பௌம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. யோகன் அண்ணைக்கு அது மட்டும் விளங்கியது. அதோடு குரலும் விளங்கியது.

"இவை ரெண்டுபேரும் மரத்தை ஏசினமோ தம்பி?"

"இல்லை அண்ணை."

"பொய் சொல்லாதை. மரத்தைத்தான் ஏசினம். அது என்ன பாவம் செய்தது? இடுப்பளவுக்கு அறுத்துப்போட்டுப் பேந்தும் அதைத்தானே ஏசினம்."

"அண்ணை, வேண்டாம். பறையாமல் இருங்கோ."

"எனக்கு ஏலாது."

அவர் போய் மரத்தின் பக்கத்தில் நின்றார். அதன் உச்சியில் கையை வைத்தார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளையின் தலையில் கை வைப்பதுபோல. தனக்குத் தெரிந்த முழு ஜெர்மன் மொழியையும் திரட்டினார்.

"பௌம் குட்" என்றார். பிறகு சுவரைக் காட்டினார். சுவருக்கு ஜெர்மன் சொல் அவருக்குத் தெரியாது. விரல் போதுமானதாக இருந்தது. "கபுட்."

என் கையில் மெழுகுதிரிப் பெட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அம்மா கணவனைப் பார்க்காமல், "அவருக்கு வேலை அதிகம், களைத்துவிட்டார், என்னவோ சொல்கிறார்" என்றார்.

ஹெர் லோமன் மனைவியைப் பார்க்காமல், "ஆமாம், வெளிநாட்டுக்காரர், சொல் மாறிவிட்டது" என்றார்.

அவ்வளவு வேகமாக இருவரும் ஒத்துப்போனதுதான் பிழையாகிவிட்டது. எத்தனை வருஷத்துக்குப் பிறகோ முதல் தடவையாக ஒரே விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். அது இருவருக்குமே உறைத்தது. மெல்லத் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"அடுத்த நாள் காலையிலிருந்து" என்றார் அம்மா. "உங்களுக்கு?"

"மூன்றாவது தாளிலிருந்து."

அம்மா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மேலங்கிப் பைக்குள்ளிருந்து எதுவோ இடுப்பில் உறுத்தியது போலும். கையை விட்டு உருளைக்கிழங்கை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் நினைத்தேன். ஹெர் லோமனும் அப்படித்தான் நினைத்துக் கிட்டப் போனார். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், மூச்சு முட்ட, கண்ணீர் வழியச் சிரித்தார். பிறகு ஹெர் லோமனுக்கும் அது தொற்றியது. சிரிக்கும்போதும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

"ஏன் சிரிக்கினம்?" என்றார் யோகன் அண்ணை.

"பேந்து சொல்லுறன்."

அம்மா எழுந்து சுவரிடம் போனார். ஒரு மூலையில் தாள் சற்றுக் கிளம்பியிருந்தது. அதைப் பிடித்துக் கணவனைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அம்மா இழுத்தார். தாள் ஒரே நீளத்தில் உரிந்து வந்தது. ஹெர் லோமன் அடுத்த தாளைப் பிடித்தார். இருவரும் சின்னப் பிள்ளைகள்போல மாறி மாறி உரித்தார்கள். உயரம் எட்டாத இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். யோகன் அண்ணை கேட்காமலே தொடங்கிவிட்டார். முற்றத்தில் முதலாளியம்மா தனியாகக் கூட்டத்தோடு மாரடித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையை விட்டுப் போக யாராலும் முடிந்திருக்காது.

மகள் தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சுவர் மொட்டையாக இருந்தது. நிலம் முழுவதும் கிழிந்த காகிதம். அவளுடைய தாயும் தகப்பனும் தலையெல்லாம் சுண்ணாம்பும் பசைத்தூளுமாக நிற்கிறார்கள். அவர்களோடு முன்பின் தெரியாத இரண்டு கறுப்பு மனிதர்கள், ஒருவர் கதிரையில் ஏறி நிற்கிறார். நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரம். ஜன்னலோரம் மரத்துண்டுகள் ஒரு கோபுரமாக அடுக்கியிருந்தன.

"என்ன நடந்தது?" என்றாள்.

"மரம் கொஞ்சம் சரிந்திருந்தது" என்றார் அம்மா.

மரத்தைத் தையல் மேசைமேல் தூக்கி வைத்தோம். இப்போது அது எந்தப் பக்கமும் சரிந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் பின்னால் ஒப்பிட ஒன்றுமில்லை. குழந்தை எழுந்து மரத்தைப் பார்த்தது. பிறகு யோகன் அண்ணையின் மீசையைப் பார்த்தது. மரத்தைவிட மீசையில்தான் அதற்கு அக்கறை இருந்தது.

முற்றத்துக்குத் திரும்பியபோது முதலாளியம்மா கடைசி வாடிக்கையாளரை அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் தலைமயிரில் ஒட்டியிருந்த பச்சைக்கோட்டுத் துண்டுகளைப் பார்த்தார்.

"நேராக நிற்கிறதா?"

"மேசையில் நிற்கிறது" என்றேன்.

அவர் கேள்வி கேட்பதற்குள் டெலிபோன் அடித்தது. லோமன் அம்மாவின் குரல் எனக்குக் கேட்டது, சொல் விளங்கவில்லை. முதலாளியம்மா கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் விடுதிக் கூரையின் வெடிப்புகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன். அவர் டெலிபோனை வைத்தார்.

"டெலிபோன் எடுத்தால் ஜனவரியில் வேலை இல்லை என்று சொன்னேன் அல்லவா" என்றார். "முறைப்பாட்டுக்கு எடுத்தால் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்." பிறகு யோகன் அண்ணையைப் பார்த்து, "ஜனவரியில் என் வீட்டு மாடியறைச் சுவரையும் ஒருதடவை பாருங்கள்" என்றார்.

விடுதிக்குப் போகும் வழியில் யோகன் அண்ணைக்கு முழுக் கதையையும் சொன்னேன். அவர் தான் செய்தது சரி என்றே நினைத்தார். அவர் செய்தது பிழை. உங்களிடம் நம்பிச் சொன்னதை நீங்கள் வெளியில் விடக் கூடாது. நூறு வீட்டில் அப்படிச் சொன்னால் தொண்ணூற்றொன்பது வீட்டில் வாளால் துரத்துவார்கள். ஆனால் அந்த வீட்டில் அது நல்லாய் முடிந்தது. இரண்டும் உண்மை. இதிலிருந்து என்ன பாடம் எடுப்பது என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். யாராவது மரம் சரிந்திருக்கிறது என்றால், வாளை எடுக்க முன் மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒன்றைச் செய்திருந்தால் நல்லதொரு மரம் முழு உயரத்தோடு நின்றிருக்கும்.

அடுத்த டிசம்பரில் லோமன் தம்பதியர் கைகோத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். சுவருக்கு வெள்ளை நிறம் பூசியாகிவிட்டதாம், கோடு கீடு ஒன்றுமில்லையாம். நான் அன்று வந்த மரங்களிலேயே நேரானதைத் தேடி எடுத்து அவர்கள் முன்னால் நிறுத்தினேன். யோகன் அண்ணை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து "குட்" என்றார். அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கனநேரம் பார்த்தார்கள். இருவருடைய தலையும் மெல்ல மெல்ல ஒரே பக்கமாக, பழைய பச்சைக் கோடுகள் சாய்ந்திருந்த பக்கமாக, சரிந்தது.

"இது சரிந்து நிற்கிறது" என்றார்கள், ஒரே குரலில்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். இருவரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள்.